எள்ளுருண்டையும் தொழில்தான், சகோதரிகளே!

"காலனிக்காரங்க செய்யற பலகாரத்தை யாருக்கா வாங்குவாங்க?" என்று கேட்டாள், எள்ளுருண்டை பிடிப்பதில் கைதேர்ந்த ஒரு பெண்.

கல்பனா சரோஜ் கதையைச் சொன்னேன். மகாராஷ்டிரத்தில் தலித் குடும்பத்தில் பிறந்தவர். 12 வயதில் கல்யாணம். பிறகு மும்பைத் தையல் கம்பெனியில் கூலிவேலை. அரசாங்கக் கடன் 50,000 ரூபாயில் தொழில் தொடங்கி, கமானி ட்யூப்ஸ் ஆலைக்கே தலைவியானார். 2013-ல் பத்மஸ்ரீ!

நம்ம காரைக்காலிலும் வழியுண்டு. திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டம், ஆனியில் மாங்கனித் திருவிழா. எள்ளுருண்டை, மாங்காய் ஊறுகாய், துணிப்பை எல்லாம் விலைபோகும்.

முதலில் 2 கிலோ எள்ளில் செய்து பாருங்கள். எள், வெல்லம், கேஸ், பொட்டலம், பஸ் சார்ஜ் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். உங்கள் கூலியையும் சேர்த்தே விலை வையுங்கள்; அதை விட்டால் லாபம் வெறும் கானல்நீர். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது அவசியம். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில், 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமில்லாமல் கடன் கேட்கலாம். புதுச்சேரி ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகத்திலும் விசாரியுங்கள்.

வாங்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: ருசியைப் பாருங்கள், சுத்தத்தைப் பாருங்கள். எந்தத் தெரு என்று மட்டும் கேட்காதீர்கள். கடன் பாங்க்கில் கிடைக்கும். வியாபாரம் நம் கையில்தானே இருக்கிறது!