பிடித்த மீனை மீள விடுதல்: தீவகத் தூண்டிற்காரர்க்குச் சில குறிப்புக்கள்

தூண்டிலிட்டு மீன் பிடித்தல் எமது தீவகத்தார்க்குப் புதியதொன்றன்று. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலாய இடங்களிற் பிறந்து எமது கல்லூரியிற் பயின்றோருட் பலர், ஏட்டெழுத்து அறியுமுன்னரே நீரோட்டம் அறிந்தவராவர். ஆயினும், பிடித்த மீனை மீண்டும் நீரிலே விட்டுவிடுதல் என்னும் வழக்கம் எம்மவருக்குச் சிறிது வியப்பைத் தருவதாகும். கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிற் குடியேறிய பழைய மாணவர் விடுமுறைக்கு வரும்பொழுது, தூண்டிற் கோலோடு இவ்வழக்கத்தையும் உடன் கொண்டுவருகின்றனர். அது எமது கடலுக்குப் பொருந்துமா, பொருந்துமாயின் எம்மீனை விடுதல் வேண்டும், எவ்வாறு விடுதல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இவ்வழக்கம் வேரூன்றிய இடத்தை நோக்குவாம். வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளிலே மஸ்கி எனப்படும் பெருமீன் ஒன்று வாழ்கின்றது. நீண்ட உடலும் கூரிய பற்களும் உடைய அம்மீன், பதுங்கியிருந்து பாய்ந்து இரை கொள்ளும் இயல்பினது. ஒரு மீற்றருக்கு மேலும் வளர்வது. இருபது ஆண்டுக்கு மேலும் வாழவல்லது. பத்தாயிரம் முறை தூண்டில் வீசினால் ஒன்று அகப்படும் என்பது அந்நாட்டார் வழங்கும் பேச்சு. இத்துணை அரிதாகவும் மெல்ல வளர்வதாகவும் உள்ள மீனை அகப்படுந்தோறும் கொன்றால், ஏரி விரைவில் வெறுமையாகிவிடும். இதனை உணர்ந்த தூண்டிற்காரர் 1966ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சங்கம் நிறுவி, பிடித்த மஸ்கியை விட்டுவிடும் வழக்கத்தைப் பரப்பினர். எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும், குறித்த நீளத்துக்கு உட்பட்ட மஸ்கியை வைத்திருத்தல் குற்றமாகும். ஜோர்ஜியன் குடாவிலே அந்நீளம் 54 அங்குலம். அங்கே மீனைப் பிடித்தவன் அளவுகோலை எடுத்த பின்னரே கத்தியை நினைக்க வேண்டும்.

இனி, இவ்வழக்கத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதையும் கேட்டல் முறையாகும். உண்ணும் எண்ணமின்றி, இழுத்து விளையாடி விடுவதற்காகவே ஓர் உயிரைத் துன்புறுத்துதல் அறமாகுமா என்பது அவ்வினா. கொல்லாமையைப் போற்றும் மரபில் வந்த எம்மால் இதனை எளிதிலே தள்ளிவிடல் இயலாது. சுவிற்சர்லாந்து நாட்டின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளும், விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடித்தலைத் தடுத்துள்ளன. எமது கருத்து யாதெனின், தீவகத்தில் மீன் விளையாட்டுப் பொருளன்று. அது கறிச்சட்டிக்கும் தொழிலாளியின் பிழைப்புக்கும் உரியது. ஆதலின், வீட்டுக்குத் தேவையானதை எடுத்து, அவ்வளவில் தூண்டிலைச் சுருட்டுதலே முதல் அறம். அவ்வாறு பிடிக்கையில், எடுக்கத்தகாத மீனும் அகப்படுமன்றோ? அதனை உயிரோடு திருப்பி விடுதலே இரண்டாவது அறம்.

எடுக்கத்தகாதது எது? இதற்குக் கொடுவா மீன் நல்லதோர் எடுத்துக்காட்டு. உவர்நீரிலும் நன்னீரிலும் வாழவல்ல இம்மீன், கடனீரிலே முட்டையிடும். குஞ்சுகள் கண்டற் காடுகளையும் சேற்றுக் களப்புக்களையும் நாடி வந்து வளரும். வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு: கொடுவா முதலில் ஆணாக முதிர்கின்றது; சில ஆண்டு கழிந்து, உடல் பெருத்த பின்னரே பெண்ணாக மாறுகின்றது. வட அவுஸ்திரேலியாவில் இம்மாற்றம் பெரும்பாலும் 80 முதல் 100 சென்ரிமீற்றர் நீளத்தில் நிகழ்வதாகக் கண்டுள்ளனர். எனவே, சிறு மீன்களையே ஓயாது பிடித்தால், பெண்ணாகும் பருவத்தை எட்டுவன அருகும். பெரியவற்றையே பிடித்தால், உள்ள தாய்மீன்கள் அழியும். இதனாலன்றோ, குயீன்ஸ்லாந்து மாநிலத்தார் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கொடுவாவையும் ஒருங்கே விலக்கியுள்ளனர்! இடைப்பட்டதை எடு, சிறிதையும் பெரிதையும் விடு என்பதே அவ்விதியின் சாரம். பெருமீனைத் தோளிற் சுமந்து ஊர்வலம் வருதல் பெருமையென எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

கலவாய் மீனின் கதை இதற்கு மறுதலையானது. அவ்வினத்திற் பெரும்பாலானவை முதலிற் பெண்ணாயிருந்து, முதிர்ந்த பின்னர் ஆணாகின்றன. அங்கே பெரிய மீன்களை மட்டும் அகற்றினால் ஆண்மீன் அருகிவிடும். நீலக்கால் நண்டு தன் முட்டைத் திரளை வயிற்று மடலின் கீழே சுமந்து திரியும். முட்டை முதிருந்தோறும் அதன் நிறம் மஞ்சளினின்று கருமைக்கு மாறும். கருத்த முட்டையோடு அகப்பட்ட நண்டு, குஞ்சு பொரிக்கச் சில நாளே உள்ள தாயாகும். முட்டை சுமந்த சிங்க இறாலைப் பிடித்தலோ இலங்கைச் சட்டத்தினால் விலக்கப்பட்டது. கடலாமையும் அவ்வாறே சட்டத்தாற் காக்கப்பட்டது. தூண்டிலிலோ வலையிலோ தற்செயலாகச் சிக்கினால், உடனே விடுவித்தல் கடமை.

நிற்க. பழகாத நீரிலே தூண்டிலிடச் செல்வோர் அறியவேண்டியவை சில உள. யாழ்ப்பாணக் களப்பும் அதனை அடுத்த பாக்குநீரிணையும் ஆழம் குறைந்தவை. இங்கு வற்றும் பெருக்கும் பெரிதல்ல. ஆயினும், நீர் ஆழமற்றதாகையால், சிறிதளவு ஏற்றத்தாழ்வும் மீனின் போக்கை மாற்றிவிடும். பண்ணை, பொன்னாலை முதலிய தாம்போதிகளில் நீர் ஓடுதற்கு விடப்பட்ட வாய்கள் உள. பெருக்கிலும் வற்றிலும் நீர் அவ்வாய்களால் விரைந்து பாயும். சிறு மீனும் இறாலும் அவ்வோட்டத்தில் அள்ளுண்டு வரும். அவற்றை எதிர்நோக்கிப் பெருமீன் ஓட்டத்தின் ஓரத்தே நிற்கும். நீர் அசையாது நிற்கும் வேளையில் வீணே வீசிக் களைப்பதினும், ஓட்டம் தொடங்கும்வரை காத்திருத்தல் நன்று.

காற்றையும் அறிதல் வேண்டும். சோளகம் வீசும் மாதங்களிலே குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட கடல் கொந்தளிக்கும். அப்பொழுது சிறு வள்ளத்திற் செல்லுதல் அறிவுடைமையன்று. வாடைக் காலத்து மழைநீர் களப்பிற் கலந்து உப்பைக் குறைக்கும், நீர் கலங்கும், மீனும் இடம் பெயரும். நெடுந்தீவின் கரையோரத்து முருகைக்கற் பாரிலே நூல் அறுதல் எளிது. கடற்புற்றரைகளோ ஓராவும் நண்டும் இறாலும் வளரும் தொட்டில்; அவற்றின்மீது நங்கூரத்தை இழுத்தல் ஆகாது.

எல்லாவற்றினும் மேலாக, அவ்விடத்துத் தொழிலாளரைக் கேட்டறிதலே சிறந்தது. "ஐயா, இஞ்சை எந்த நேரம் நீர் ஓடும்? உங்கட வலை எந்தப் பக்கம் கிடக்குது?" என்று பணிவோடு வினவினால், நூல்கள் தராத அறிவை ஐந்து நிமிடத்திற் பெறலாம். சிறகு வலை கட்டிய இடத்துக்கு அண்மையில் தூண்டில் வீசுதல், அன்னாரது பிழைப்பிலே கைவைப்பதாகும். நயினாதீவிலே அடியார் ஏறியிறங்கும் துறையினின்றும் விலகி நிற்றலும் மரியாதை.

இனி விடும் முறையைக் கூறுவாம். தப்பிப் பிழைக்கும் என நம்பி விட்ட மீன், எமது கண்ணுக்கு மறைந்தபின் இறத்தலும் உண்டு. இதற்குக் காரணம் மூன்று. முதலாவது களைப்பு: நெடுநேரம் இழுபட்ட மீனின் தசைகளிலே, ஓடிக் களைத்தவனின் தசையிற் போலவே, அமிலம் சேர்கின்றது. இரண்டாவது காற்று: நீரை விட்டு எடுத்தவுடன் பூவின் மென்னிழைகள் ஒன்றோடொன்று ஒட்டி மூச்சுத் தடைப்படுகின்றது. மூன்றாவது காயம்: மீனின் மேனியைப் போர்த்துள்ள வழுவழுப்பே நோயினின்று அதனைக் காப்பது, உலர்ந்த கையும் சுடுமணலும் அதனை உரித்துவிடும்.

மஸ்கி பிடிப்போர், ஏரி நீர் ஏறக்குறைய 27 பாகை செல்சியசைக் கடந்தால் அம்மீனைத் தேடுவதையே நிறுத்திவிடுதல் நல்வழக்கம் என்பர். சூடான நீரில் உயிர்வளி குறைவு. களைத்த மீன் தேறுதல் அரிது. எமது மீன்கள் வெந்நிலத்துக்குப் பழகியவை. எனினும் களப்பின் நண்பகல் நீர் மிகச் சூடேறுவதாகையால், காலையும் மாலையுமே ஏற்ற வேளைகள்.

மெல்லிய நூலால் நெடுநேரம் விளையாடாது, தக்க வலிமையுள்ள நூலால் விரைந்து இழுத்தல் வேண்டும். மும்முனைத் தூண்டிலை நீக்கி ஒருமுனைத் தூண்டிலைப் பூட்டுக. அதன் உள்முள்ளைக் குறட்டினால் நசுக்கிவிடின், எளிதிற் கழலும். கையை நனைத்த பின்னரே மீனைத் தொடுக. தாடையிற் பிடித்துத் தூக்கித் தொங்கவிடாது, வயிற்றின் கீழே மறுகையைக் கொடுத்துத் தாங்குக. இயலுமாயின் நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுக. படம் பிடித்தல் வேண்டுமாயின், நீவிர் மூச்சை அடக்கி நிற்கும் நேரத்துள் அது முடிதல் வேண்டும். முள்ளை விழுங்கிய மீனின் குடலைக் கிளறாது, வாயருகே நூலை அறுத்துவிடுக. பின்னர், ஓட்டத்தை எதிர்நோக்கி மீனை நிமிர்த்திப் பிடித்தால், அது தானே வாலடித்துச் செல்லும்.

விடுபவன் தன்னையும் காத்தல் வேண்டும். ஓராவின் முட்களும் கெளிற்றின் முட்களும் கடுமையாக வலிக்கும் நஞ்சுடையன. திருக்கையின் வாலுக்கு எட்ட நிற்க. பேத்தையை உண்ணற்க, அதன் நஞ்சு சமைப்பதால் நீங்காது.

ஒருவன் ஒரு மீனை விடுவதாற் கடல் நிறையுமோ எனச் சிலர் நகைப்பர். அடிமடி இழுக்கும் படகுகள் கடலின் அடித்தளத்தையே சுரண்டி, குஞ்சும் முட்டையும் வேறுபாடின்றி வாரிச் செல்லுகையில், தூண்டிற்காரனின் பொறுமை சிறிதாகவே தோன்றும். அடிமடி வலையை இலங்கை 2017ஆம் ஆண்டிலே சட்டத்தால் தடுத்தது. வெடியும் நஞ்சும் இட்டுப் பிடித்தலை 1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் தடுத்தது. ஆனால், சட்டம் நிலைப்பது அதன் காரணத்தை மக்கள் உணர்ந்துழியே. குஞ்சு மீனை ஏன் விடவேண்டும் என்பதைத் தன் கையால் விட்டு அறிந்த மாணவன், நாளை வலைக்கண்ணின் அளவைப் பற்றிப் பேசும் சபையிலே உண்மையறிந்து பேசுவான். கூட்டுறவுச் சங்கத்தில் அமரினும், திணைக்களத்தில் அமரினும், அவ்வறிவு அவனுக்குத் துணையாகும்.

தாயகம் வரும் பழைய மாணவர், தம்மோடு கொணரும் கோலையும் குறட்டையும் இளையோர்க்குக் காட்டுக; அவர்தம் தந்தையரிடமும் பாட்டன்மாரிடமும் காற்றையும் நீரோட்டத்தையும் கேட்டறிக. இவ்விரு கல்வியும் ஒன்று கூடின், எமது பிள்ளைகளின் பிள்ளைகளும் ஊர்காவற்றுறைத் துறையிலே கொடுவாவைக் காண்பர்.