வெளிநாட்டில் வாடகைக் கார்: கையொப்பமிட முன் "எக்ஸஸ்" எவ்வளவு என்று கேளுங்கள்

பேருவளையைச் சேர்ந்த மாணிக்கக்கல் வியாபாரியான நண்பர் ஒருவர் லண்டனுக்கும் பேர்மிங்ஹாமுக்கும் பத்து நாள் வியாபாரப் பயணம் போய் வந்தார். விமான நிலையத்திலேயே கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது" என்று பதில் வந்தது. காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்தார். திரும்பும் நாள் அதிகாலை விமானம் என்பதால், அலுவலகம் திறக்க முன்னரே காரை நிறுத்திவிட்டுத் திறப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஊர் வந்து மூன்று வாரம் கழித்துக் கடனட்டைக் கூற்றைப் பார்த்தவருக்கு அதிர்ச்சி. 900 பவுணுக்கு மேல் அறவிடப்பட்டிருந்தது. கதவில் நெளிவு, சில்லின் றிம்மில் கீறல் என்று காரணம். "நாநா, ஃபுல் இன்சூரன்ஸ் என்றுதானே சொன்னார்கள்?" என்று என்னிடம் வந்தார்.

கவுண்டரில் இருந்தவர் பொய் சொல்லவில்லை. நண்பர் கேட்ட கேள்விதான் போதாது. "காப்புறுதி இருக்கிறதா?" என்பதோடு, "காரில் ஏதும் நடந்தால் என் கையால் முதலில் எவ்வளவு கொடுக்க வேண்டும்?" என்றும் கேட்டிருக்க வேண்டும். அந்தத் தொகைக்குத்தான் "எக்ஸஸ்" என்று பெயர். பிரித்தானியாவுக்கு வியாபார விடயமாகவோ உறவினரைப் பார்க்கவோ போகும் எமது வர்த்தகர்கள் பலர் இப்போது அங்கே காரை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டுகிறார்கள். அங்கும் எமது நாட்டைப் போல இடது பக்கமே வாகனம் ஓடுவதால் அது அவ்வளவு சிரமமான காரியமும் அல்ல. சிரமம் எல்லாம் கடதாசியில்தான் இருக்கிறது. அதை இந்த வாரம் பார்ப்போம்.

மூன்று அடுக்குகள்

வாடகைக் காரின் பாதுகாப்பை மூன்று அடுக்குகளாக விளங்கிக் கொண்டால் குழப்பம் தீரும்.

முதலாவது, மூன்றாம் தரப்புக் காப்புறுதி. நீங்கள் மோதி இன்னொருவருக்குக் காயமோ அவரது சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் அதற்கான இழப்பீடு இது. பிரித்தானியச் சட்டப்படி இது இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் இறங்க முடியாது. ஆகவே வாடகைக் கட்டணத்துக்குள்ளேயே இது அடங்கியிருக்கும்.

இரண்டாவது, நீங்கள் ஓட்டும் அந்தக் காருக்கு ஏற்படும் சேதம். இதற்கு "சி.டி.டபிள்யூ." என்று எழுதியிருப்பார்கள். களவுக்கு வேறாக ஒரு பாதுகாப்பும் சேர்ந்திருக்கும். சி.டி.டபிள்யூ. என்பதை ஒரு விட்டுக்கொடுப்பு என்று சொல்வதே பொருத்தம். சேதம் எவ்வளவு பெரிதானாலும் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டோம் என்று கார் கொம்பனி தரும் வாக்குறுதி அது. அந்தக் குறிப்பிட்ட தொகைதான் எக்ஸஸ். 1,200 பவுண் எக்ஸஸ் உள்ள காரில் 5,000 பவுணுக்குச் சேதம் என்றால் நீங்கள் 1,200 கொடுக்க வேண்டும். 700 பவுணுக்குச் சேதம் என்றால் 700 முழுவதும் உங்கள் தலையில்தான்.

மூன்றாவது அடுக்கு, அந்த எக்ஸஸ் தொகையை ஈடு செய்யும் ஏற்பாடு. இது கட்டாயமல்ல. விரும்பினால் காசு கொடுத்து எடுத்துக் கொள்ளலாம். நண்பரிடம் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பல ஒப்பந்தங்களில் முன் கண்ணாடி, டயர், றிம், காரின் அடிப்பாகம், கூரை, தொலைந்த திறப்பு ஆகியவை சி.டி.டபிள்யூ. பாதுகாப்புக்கு வெளியே இருக்கும். பெற்றோல் காருக்கு டீசல் அடித்துவிட்டால் அதுவும் உங்கள் தவறாகவே கொள்ளப்படும். அங்கே பெற்றோல் குழாயின் பிடி வழக்கமாகப் பச்சை நிறம், டீசலுக்குக் கறுப்பு.

கவுண்டரில் எடுப்பதா, வெளியில் எடுப்பதா?

எக்ஸஸை ஈடு செய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, காரைத் தரும் கொம்பனியிடமே நாளாந்தக் கட்டணம் செலுத்தி எக்ஸஸைப் பூச்சியமாகவோ மிகக் குறைவாகவோ ஆக்கிக் கொள்வது. மற்றது, வேறொரு காப்புறுதி நிறுவனத்திடம் எக்ஸஸ் காப்புறுதி எடுப்பது.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் எடுப்போம். பத்து நாள் வாடகை, எக்ஸஸ் 1,200 பவுண், ஒரு பவுண் 400 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். கவுண்டரில் நாளொன்றுக்கு 22 பவுண் கேட்டால் பத்து நாளுக்கு 220 பவுண், அதாவது 88,000 ரூபாய். வெளியில் நாளொன்றுக்கு 5 பவுண் என்றால் 50 பவுண், அதாவது 20,000 ரூபாய். வித்தியாசம் 68,000 ரூபாய். தொகைகள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் வெளியில் எடுப்பது பெரும்பாலும் மிக மலிவு என்பது பொதுவான உண்மை.

அப்படியானால் எல்லோரும் வெளியில் எடுக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் வியாபாரி தன் கைப்பணத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். வெளியில் எடுத்த காப்புறுதியைக் கவுண்டரில் காட்டினாலும் அவர்கள் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கடனட்டையில் எக்ஸஸ் அளவுக்கு, சில வேளைகளில் அதற்கு மேலும், ஒரு தொகையைத் தடுத்து வைப்பார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் அது 480,000 ரூபாய். சேதம் ஏற்பட்டால் முதலில் உங்கள் அட்டையிலிருந்தே எடுப்பார்கள். பிறகு நீங்கள் பற்றுச்சீட்டுகளை அனுப்பிக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து மீளப் பெற வேண்டும்.

ஆகவே உங்கள் அட்டையின் எல்லை 500,000 ரூபாயாக இருந்தால் காரை எடுத்த உடனேயே ஹொட்டலுக்குக் கொடுக்கக்கூட மிச்சமிராது. தடுத்து வைத்த பணம் விடுபடச் சில நாட்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை செல்லலாம். கொம்பனியிடமே பூச்சிய எக்ஸஸ் எடுத்தால் வைப்புத் தொகை குறையும், சேதம் ஏற்பட்டாலும் அலைச்சல் இல்லை. அட்டையில் இடமுள்ளவருக்கு வெளிக் காப்புறுதி இலாபம். இடமில்லாதவருக்குக் கவுண்டரில் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் செலவல்ல.

இணையத்தில் காரைப் பதிவு செய்யும்போது தரகு நிறுவனங்கள் "முழுப் பாதுகாப்பு" என்று விற்பதும் பெரும்பாலும் இந்த மீளளிப்பு வகைதான். அதை வாங்கிவிட்டு, கவுண்டரில் இன்னொன்றுக்கும் கையொப்பமிட்டு, ஒரே ஆபத்துக்கு இரண்டு முறை காசு கொடுத்தவர்கள் பலர்.

காப்புறுதி என்பதில் மார்க்க ரீதியாகத் தயக்கமுள்ளவர்கள் தாம் நம்பும் ஆலிம்களிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டக் கட்டாயம். எக்ஸஸ் காப்புறுதியோ விருப்பத்துக்குரியது. வேண்டாம் என்பவர் அந்தத் தொகையைத் தனியாக ஒதுக்கி வைத்துக் கொண்டு, எக்ஸஸ் குறைந்த வாடகைத் திட்டத்தைத் தேடி எடுப்பதே முறை.

வெளிநாட்டவர் கவனிக்க வேண்டியவை

வெளியில் காப்புறுதி எடுக்கும் இலங்கையர் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, "நிரந்தர வதிவிடம்" என்ற நிபந்தனையை. பிரித்தானியாவில் விற்கப்படும் எக்ஸஸ் காப்புறுதிகள் பல அந்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. மலிவாக இருக்கிறது என்று லண்டனிலுள்ள மருமகனின் முகவரியைப் போட்டு எடுத்தால் காசு வாங்கிக் கொள்வார்கள், ஆனால் இழப்பீடு கேட்கும்போது கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு மறுத்துவிடுவார்கள். பிற நாட்டவருக்கும் தரும் நிறுவனங்கள் உள்ளன. இலங்கையில் வசிப்பவர் என்று தெளிவாகக் கூறி எழுத்தில் பதில் பெறுங்கள். அந்த நிறுவனம் பிரித்தானியாவின் நிதி நடத்தை அதிகாரசபையின் பதிவேட்டில் உள்ளதா என்பதையும் இணையத்திலேயே பார்க்கலாம்.

மேலும் கேட்க வேண்டியவை: இழப்பீட்டை இலங்கை வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்களா? டயரும் கண்ணாடியும் அடங்குமா? கார் திருத்தத்தில் நிற்கும் நாட்களுக்குக் கொம்பனி அறவிடும் நட்டம் அடங்குமா? சரக்கு ஏற்ற வேன் எடுத்தால் செல்லுமா? இந்தக் காப்புறுதியைக் காரைக் கையேற்க முன்னரே எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் பெரும்பாலும் செல்லாது.

சாரதி அனுமதிப்பத்திரம் விடயத்தில் பயம் வேண்டாம். செல்லுபடியான இலங்கை அனுமதிப்பத்திரத்துடன், அந்நாட்டில் நுழைந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை அங்கே கார் ஓட்டலாம். சில கொம்பனிகள் சர்வதேச அனுமதிப்பத்திரமும் கேட்பதுண்டு. அதை இங்கே இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் பெற்றுக் கொள்ளலாம். கடனட்டை காரை எடுக்கும் சாரதியின் பெயரிலேயே இருக்க வேண்டும். தம்பியின் அட்டை, பங்காளியின் அட்டை செல்லாது.

மருமகனும் ஓட்டுவார் என்றால் அவரது பெயரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். பெயரில்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் சி.டி.டபிள்யூ.வும் போய்விடும், எக்ஸஸ் காப்புறுதியும் போய்விடும். அவரிடம் பிரித்தானிய அனுமதிப்பத்திரம் இருந்தால், இணையத்தில் பெறும் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றைக் கொம்பனி கேட்கலாம். அது 21 நாட்களுக்கு மட்டுமே செல்லும்.

காருக்குள் இருக்கும் சரக்குக்கு இந்த மூன்று அடுக்கில் எதுவும் பொறுப்பில்லை என்பதை வியாபாரிகள் மனதில் இருத்த வேண்டும். லண்டன் ஹட்டன் கார்டனுக்கோ பேர்மிங்ஹாம் நகை வட்டாரத்துக்கோ கல் கொண்டு போகிறவர், பையைக் காரில் வைத்துவிட்டு உணவருந்தப் போனால் அது அவரது சொந்தப் பொறுப்பு. சரக்குக்குத் தனிக் காப்புறுதி வேண்டும்.

அபராதமும் வீதிக் கட்டணமும் எக்ஸஸ் காப்புறுதியில் சேராது. மத்திய லண்டனில் 2003ஆம் ஆண்டு முதல் நெரிசல் கட்டணம் உண்டு. ஹட்டன் கார்டனும் அந்த வலயத்துக்குள்தான் இருக்கிறது. டார்ட்ஃபோர்ட் ஆற்றுக் கடவையில் காசு வாங்க ஆள் இல்லை, கடந்த மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் செலுத்த வேண்டும். மறந்தால் அபராதம் கொம்பனிக்குப் போகும். அவர்கள் தமது நிர்வாகக் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் அட்டையில் எடுப்பார்கள்.

எடுக்கும்போதும் கொடுக்கும்போதும்

காரைக் கையேற்கும் போது பத்து நிமிடம் செலவிடுங்கள். நான்கு பக்கமும், நான்கு றிம்களும், கண்ணாடி, கூரை, கிலோமீற்றருக்குப் பதில் மைல் காட்டும் மானி, எரிபொருள் அளவு எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுங்கள். கீறல் ஏதும் இருந்தால் பரிசோதனைத் தாளில் எழுதச் சொல்லி ஒரு பிரதி வாங்குங்கள். "சின்னக் கீறல்தானே, பரவாயில்லை" என்று வாயால் சொல்வது சாட்சியாகாது.

விபத்து நடந்தால் காரை நிறுத்துவதும் மற்றத் தரப்பினருடன் பெயர், முகவரி, வாகன இலக்கம் பரிமாறுவதும் சட்டக் கடமை. அப்படிப் பரிமாற முடியாவிட்டால் 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸில் அறிவிக்க வேண்டும். கொம்பனிக்கும் உடனே தெரிவித்து, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் இருந்தால் குறித்து வையுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் போது அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் கொடுங்கள். பூட்டியிருக்கும் நேரத்தில் திறப்பைப் பெட்டியில் போட்டால், பல ஒப்பந்தங்களின்படி அவர்கள் வந்து காரைப் பார்க்கும் வரை பொறுப்பு உங்களுடையதே. எப்படியும் முடியாவிட்டால் காரை நிறுத்திய இடத்துடன் சேர்த்து மீண்டும் படமெடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பணம் அறவிடப்பட்டால் திருத்த விலைப்பட்டியலையும் படங்களையும் எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பாவின் ஐந்து பெரிய வாடகைக் கார் கொம்பனிகள், கட்டணங்களையும் காப்புறுதியையும் தெளிவாகச் சொல்வதாக 2015ஆம் ஆண்டு அதிகாரிகளுக்கு உறுதியளித்தன. கொம்பனி பிரித்தானிய வாகன வாடகையாளர் சங்கமான பி.வி.ஆர்.எல்.ஏ.யின் அங்கத்தவராக இருந்தால் அச்சங்கத்தின் இணக்க சேவைக்கு முறையிடலாம். காப்புறுதி நிறுவனத்துடன் பிணக்கு என்றால் நிதிச் சேவை ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்.

நண்பரின் விடயத்துக்கு வருவோம். காரை எடுக்கும் போது றிம்மிலிருந்த கீறலை அவர் தாளில் எழுதுவித்திருந்தார். அந்தத் தாள் அவரது பயணப் பைக்குள் மடித்தபடியே கிடந்தது. அதைப் படமெடுத்து அனுப்பினோம். றிம்முக்காக எடுத்த பணம் திரும்பி வந்தது. கதவு நெளிவுக்கான பணம் வரவில்லை. கொடுக்கும் போது எடுத்த படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. அந்த நெளிவு தன் கையில் ஏற்பட்டதா, வண்டித் தரிப்பிடத்தில் வேறு யாரும் இடித்ததா என்பது அவருக்கே தெரியாது.

ஒரு துண்டுக் கடதாசி காப்பாற்றிய பணம் ஒரு பக்கம், ஒரு படம் இல்லாததால் போன பணம் மறு பக்கம். கடையில் ஒரு பெட்டிச் சரக்கு வந்தாலே எண்ணிப் பார்க்காமல் நாம் கையொப்பமிடுவதில்லை. பல இலட்சம் ரூபாய்க்குப் பொறுப்பேற்கும் வாடகை ஒப்பந்தத்திலும் அதே பழக்கத்தைக் கைக்கொள்வோம்.