வாடாமல்லிக் கோடு

வில்லியனூர் தேரடிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பாகூரிலிருந்து வந்திருந்த பையன் எனக்கு மருமகன் முறை. விமானி உரிமத்துக்கான பயிற்சியில் சேரப்போகிறான். மடியில் ஏர் நேவிகேஷன் பாடப்புத்தகம்.

"மாமா, செஸ்னா 172-ல கார்மின் ஜி1000 திரை வந்து இருபது வருஷம் ஆச்சு. போற ஊரைப் போட்டா கோடு காட்டுது. அப்புறம் எதுக்கு இந்தப் பேப்பர் வரைபடம், ஸ்கேல், காத்துக் கணக்கு?"

நியாயமான கேள்வி. அந்தக் கோட்டின் நிறம் மெஜந்தா, நம்ம ஊர் வாடாமல்லிப் பூ நிறம். அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவன்தான் எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்று சொல்ல முடியும். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். கையில் டீ இருந்தால் பொறுமையும் இருக்கும்.

"சரி தம்பி, இப்படி வைத்துக்கொள். மாலை சரியாக ஆறு மணிக்கு வில்லியனூரில் ஒரு அதிர்வேட்டு, பாகூரில் ஒன்று, அரியாங்குப்பத்தில் ஒன்று. மூன்றும் உன் காதுக்குக் கேட்கும் என்று வைப்போம். கண்ணைக் கட்டி உன்னை ஏதோ வயல் நடுவில் விட்டிருக்கிறார்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி. வில்லியனூர் வேட்டு 18 விநாடி கழித்துக் கேட்டால்?"

"ஆறு கிலோமீட்டர்."

"வில்லியனூரைச் சுற்றி ஆறு கிலோமீட்டரில் வட்டம் போடு. மற்ற இரண்டு ஊருக்கும் அப்படியே. மூன்று வட்டமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நீ நிற்கிறாய். உன் வாட்ச் இரண்டு விநாடி தப்பாக ஓடினால்?"

அவன் டீ கிளாஸால் பெஞ்சில் மூன்று ஈர வட்டம் வைத்துப் பார்த்தான். "மூணும் ஒரே இடத்துல சேராது."

அங்கேதான் ஜி.பி.எஸ். என்கிற யோசனையின் அழகே இருக்கிறது. வட்டங்கள் ஒரே புள்ளியில் சேரும்வரை வாட்சை முன்னே பின்னே நகர்த்தினால், இடமும் கிடைக்கும், சரியான நேரமும் கிடைக்கும். தரையில் இதற்கு மூன்று வேட்டு போதும். வானத்தில் உயரமும் தெரிய வேண்டுமே, அதனால் நான்கு செயற்கைக்கோள். அவை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரத்தோடு சுற்றுகின்றன. வருவது ஒலி இல்லை, ரேடியோ அலை. நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தள்ளிப்போய்விடும்.

இனி நம்ம ஊர்ச் சிக்கலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டரில் அயனி மண்டலம் இருக்கிறது. சூரியன் மின்னேற்றி வைத்த காற்று. செயற்கைக்கோள் சமிக்ஞை அதைக் கடக்கும்போது தாமதமாகிறது. தூரக் கணக்கில் அந்தப் பிழை பல மீட்டர் வரை போகும். புவிக்காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போவதால் நம் தலைக்கு மேலே இந்த மண்டலம் குறிப்பாகக் குழம்பியது. 1963-ல் தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததற்கும் அதே நடுக்கோடுதான் காரணம். பொழுது சாய்ந்த பிறகு அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும், சமிக்ஞை சிமிட்டும். அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்கள் வானத்துக்குச் செய்த திருத்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியவில்லை.

"அதுக்கு என்ன பண்ணாங்க?"

"உங்கள் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த வில்லியனூரில் ஒரு தகவல் மையம் வைத்தது. அப்போது நீ பிறக்கவே இல்லை. அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை இங்கே இறக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். ககன் என்கிற நம் ஜி.பி.எஸ். திருத்த முறை செய்வதும் அதே வேலை."

இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து நாடெங்கும் 15 இடங்களில் அளவு நிலையங்கள் வைத்தன. ஒவ்வொன்றும் இம்மி பிசகாமல் அளந்த இடம். தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். அதனால் 'வேட்டுச் சத்தம் இன்று இவ்வளவு தாமதம்' என்று அதனால் சொல்ல முடியும். அந்தக் கணக்கெல்லாம் பெங்களூருவில் சேர்ந்து, ஜிசாட் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து ஒலிபெருக்கி மாதிரி எல்லா விமானத்துக்கும் இறங்குகிறது. நம் அயனி மண்டலத்துக்கென்றே இஸ்ரோ தனியாக ஒரு கணித மாதிரி எழுதியது. 2015-ல் ககன் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் ககன் துணையோடு தரையிறங்கியது. பெரிய தரைக் கருவிகளுக்கு வசதியில்லாத சின்ன விமான நிலையங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! 1,500 மீட்டர் ஓடுபாதை உள்ள நம் லாஸ்பேட்டையைப் போன்றவற்றைத்தான் சொல்கிறேன்.

"இவ்வளவு இருக்கும்போது பேப்பர் எதுக்கு மாமா?"

கண்ணும் ஏமாற்றும் என்பதை முதலில் ஒப்புக்கொண்டேன். 1972-ல் ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி. 8 விமானம் மும்பையில் சாந்தாகுரூஸ் விமான நிலையம் என்று நினைத்து ஜுஹுவின் குட்டி ஓடுபாதையில் இறங்கிவிட்டது. நம் பக்கத்திலும் ஏரியை அடையாளம் வைத்துப் பறப்பது சுலபமில்லை. வரைபடத்தில் நீலமாக இருக்கும் பாகூர் ஏரி மே மாதத்தில் புல்வெளியாகத் தெரியலாம். ஐப்பசி மழையில் பார்த்தால் வயலெல்லாம் ஏரி. சென்னையிலிருந்து கடற்கரையைப் பிடித்துக்கொண்டே வந்தாலோ கல்பாக்கம் வரும். அதன் மேல் பறக்கத் தடை. வானத்தில் அந்த எல்லையை யாரும் கோடு போட்டு வைக்கவில்லை, வரைபடத்திலும் திரையிலும்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கோடுகளைக் காட்டுவதில் ஜி.பி.எஸ்.ஸை மிஞ்ச எதுவும் இல்லை.

ஆனால் கருவி சொல்வது நீ கேட்டதற்கான பதில் மட்டுமே. ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டினால் தப்பான ஊருக்குத் துல்லியமாக வழி காட்டும். அதன் தரவுத்தளம் 28 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது, பழையதை ஏற்றிவைத்திருந்தால் பழைய உலகத்தைத்தான் காட்டும். 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தை ஒட்டிப் போலி ஜி.பி.எஸ். சமிக்ஞைகள் விமானங்களைக் குழப்பின. போலி வேட்டுக்கும் வட்டங்கள் அழகாகச் சேர்ந்துவிடும், அதுதான் ஆபத்து. 1997-லேயே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பயிற்சியாளர் வாரன் வாண்டர்பர்க், தானியங்கியையே நம்பி வளரும் விமானிகளை மெஜந்தாவின் பிள்ளைகள் என்று அழைத்து எச்சரித்தார். பெரிய விமானத்திலாவது பக்கத்தில் இன்னொரு விமானி இருப்பார். பயிற்சி விமானத்தில் தனியாகப் பறக்கும் நாளில் உன்னைத் தவிர யாரும் இல்லை. திரையைப் பார்த்துக் குனிந்த தலை, எதிரே வரும் விமானத்தைப் பார்க்காது.

ஆகவே என் யோசனை இதுதான்: கோட்டை முதலில் நீ பென்சிலால் போடு, பிறகு கருவியைப் போடச் சொல். இரண்டும் ஒத்துப்போனால் நம்பிக்கையோடு பற. ஒத்துப்போகாவிட்டால் கிளம்பாதே, ஏன் என்று தேடு.

அவன் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதத் தொடங்கினான். மீனம்பாக்கம் முதல் லாஸ்பேட்டை வரை நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர். ஒரு டிகிரி விலகினால் முடிவில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பான். வேகம் மணிக்கு 185.

"மரக்காணம் உப்பளம் இடது கைப் பக்கம் வரணும். 92 கிலோமீட்டர். முப்பதாவது நிமிஷம்."

"காற்று இல்லாமல்."

"தெக்கே இருந்து பதினஞ்சு நாட் எதிர்க்காத்து..." பென்சில் சற்று நின்றது. "முப்பத்தஞ்சு. அப்போ முப்பதாவது நிமிஷத்துல உப்பளம் வரலைன்னா பயப்படக் கூடாது."

"நாற்பதிலும் வரவில்லை என்றால்?"

டீயை மறந்துவிட்டு வரைபடத்தைப் பிரித்தான்.