பண்ணைப் பட்டறைக்குக் காற்று அமுக்கி

பல்லடம், அவிநாசி, காங்கயம் பகுதிகளில் கலப்பைக் கொழுவின் துருவைத் தாமே நீக்க விரும்பும் விவசாயிகள், கம்ப்ரசரும் வீச்சுப் பெட்டியும் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

தொட்டியின் அளவைவிட, நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று கிடைக்கும் என்பதே முக்கியம். 3 மி.மீ. துளையுள்ள முனைக்கு, சதுர அங்குலத்திற்கு 80 பவுண்டு அழுத்தத்தில், சுமார் 15 கன அடி தேவை. 1 குதிரைத்திறன் ஏறத்தாழ 4 கன அடியே தரும். ஆகவே 5 குதிரைத்திறன் எந்திரமும் மும்முனை மின்சாரமும் வேண்டும். 2 குதிரைத்திறன் எனில் 2 மி.மீ. முனை பொருத்தி, விட்டுவிட்டு வேலை செய்யலாம். இலவச விவசாய மின் இணைப்பில் இதனை இயக்கக் கூடாது.

ஆற்று மணலை அறவே தவிர்க்கவும். நொறுங்கிய மணல்தூசி நுரையீரலில் படிந்து, குணப்படுத்த முடியாத சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். அலுமினியம் ஆக்சைடு துகளைப் பயன்படுத்தவும். வேலை முடிந்ததும் தொட்டியில் சேரும் நீரை நாள்தோறும் வடித்துவிடவும்.