எதிரணிக்கு எழுந்து நின்ற சேப்பாக்கம்

சேப்பாக்கம் மைதானம் எங்கள் காரைக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன் எம்.ஏ.சிதம்பரம், 1960 முதல் 1963 வரை இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவர். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தை நெடுங்காலம் நடத்தியவர். பிற்பாடு அவருடைய மகன் ஏ.சி.முத்தையாவும் அதே வாரியத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். காரைக்குடியில் டெஸ்ட் மேட்ச் நடந்ததில்லை. ஆனாலும் இங்கே கிரிக்கெட் பேசுகிறவர்கள் சேப்பாக்கத்தை 'நம்ம கிரவுண்டு' என்றுதான் சொல்வார்கள். ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, கட்டுச்சோற்றுப் பையோடு கேலரிக்குப் போய் வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் இந்த ஊரில் இருக்கிறது.

அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் பார்த்ததில் மறக்க முடியாதது எது என்று கேட்டால், நரேந்திர ஹிர்வானி 1988இல் 16 விக்கெட் எடுத்ததும், 2001இல் ஆஸ்திரேலியாவை ஹர்பஜன் சாய்த்ததும் கட்டாயம் வரும். ஆனால் பேச்சு சூடு பிடிக்கிற இடம் வேறு. டீன் ஜோன்ஸ், சயீத் அன்வர், சக்லைன் முஷ்டாக் என்று வெளியூரிலிருந்து வந்து நம்மை அடித்துவிட்டுப் போனவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். சொல்கிறவர் குரலில் கசப்பே இருக்காது, பெருமைதான் இருக்கும்.

முதலில் ஜோன்ஸ். 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை நடந்த அந்த டெஸ்ட், 'டை' ஆன டெஸ்ட் என்றே பதிவாகியிருக்கிறது. டெஸ்ட் வரலாற்றில் 1960இல் பிரிஸ்பேனில் ஒரு முறை, அதன் பிறகு இங்கே ஒரு முறை, இவ்வளவுதான் இன்றுவரை. ஜோன்ஸுக்கு அது மூன்றாவது டெஸ்ட்தான். மெல்போர்னிலிருந்து வந்தவருக்குச் சென்னை செப்டம்பரின் புழுக்கமும், மைதானத்தை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயின் நாற்றமும் புதிது. ஆடுகளத்தின் ஓரத்திலேயே வாந்தி எடுத்தார். கால் மரத்தது, உடம்பு நடுங்கியது. 170 ரன்களில், இனி முடியாது, வெளியே போகிறேன் என்று கேப்டன் ஆலன் பார்டரிடம் சொன்னார். தாக்குப்பிடிக்கக்கூடிய ஒரு குயின்ஸ்லாந்துக்காரரைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று பார்டர் சுருக்கென்று சொல்லவும், ஜோன்ஸ் போகாமல் நின்றார். 503 நிமிடம், 330 பந்து, 210 ரன். ஆட்டமிழந்த பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574. கபில்தேவ் 119 அடித்து ஃபாலோ ஆனைத் தவிர்த்தார். கடைசி நாள் 348 என்று இலக்கு வைத்துவிட்டுக் களமிறங்கினார் பார்டர். எனக்கு இதில் ஜோன்ஸுக்கு ஒரு படி மேலே தெரிகிறவர் கிரெக் மேத்யூஸ். அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கடைசி நாளில் மட்டும் 39.5 ஓவர் வீசினார். இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்தாகப் பத்து விக்கெட். கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தார். ஐந்தாவது பந்து மணீந்தர் சிங்கின் காலில் பட, அம்பயர் விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்தது. பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. விக்ரம்ராஜு அதற்குப் பிறகு டெஸ்டில் அம்பயராக நிற்கவே இல்லை. ஆட்டநாயகன் விருதைக் கபிலும் ஜோன்ஸும் பகிர்ந்துகொண்டார்கள்.

சென்னைக்குப் போக முடியாதவர்களுக்கு வானொலி இருந்தது. சேப்பாக்கம் டெஸ்ட் என்றால் தமிழ் வர்ணனை; சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல். கடையில் கணக்கு எழுதிக்கொண்டே ஒரு காதை ட்ரான்சிஸ்டரிடம் கொடுத்தவர்கள் இங்கே ஏராளம். எதிரணி வீரர் நன்றாக ஆடினால் நன்றாக ஆடினார் என்று வாய் நிறையச் சொன்ன வர்ணனை அது. வெளியூர்க்காரர்களின் ஆட்டத்தை ரசிக்க எங்கள் ஊரைப் பழக்கியதில் அந்தத் தமிழுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

கொஞ்சம் மூத்தவர்கள் இதற்கும் பின்னால் போவார்கள். 1975 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் முதல் இன்னிங்ஸில் 64 ரன் கொடுத்து 7 விக்கெட், அடுத்ததில் 57 கொடுத்து 5. அந்த வேகத்துக்கு நடுவில் நின்று ஆட்டமிழக்காமல் 97 எடுத்த குண்டப்பா விஸ்வநாத்தின் பெருமையே, எதிரில் ஓடி வந்தவர் யார் என்பதில்தான் இருக்கிறது. ராபர்ட்ஸைக் கழித்துவிட்டால் அந்த 97 வெறும் எண். 1985 ஜனவரியில் இங்கிலாந்தின் நீல் ஃபாஸ்டர் 11 விக்கெட் எடுத்ததையும், ஒரே இன்னிங்ஸில் கிரீம் ஃபவுலர் 201, மைக் கேட்டிங் 207 என்று இரண்டு பேர் இரட்டைச் சதம் போட்டதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுவாரஸ்யம் குறைந்த, ஒருதலைப்பட்சமான ஆட்டம் அது. ஆனாலும் இரண்டு இரட்டைச் சதங்களைப் பார்த்தவர்கள் பார்த்தவர்கள்தான்.

1997 மே 21. சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி நடந்த கோப்பைப் போட்டி, பாகிஸ்தானோடு. அக்னி நட்சத்திர வெயில். சயீத் அன்வருக்குச் சீக்கிரமே தசைப்பிடிப்பு வந்துவிட, அவருக்குப் பதிலாக ரன் ஓட ஷாஹித் அஃப்ரிடி வந்தார். ஓட வேண்டிய கவலை போனதும் அன்வரின் மட்டை இன்னும் லேசானது. கும்ப்ளேயைத் தொடர்ந்து மூன்று சிக்ஸர். முரட்டு அடி ஒன்றுகூடக் கிடையாது. மணிக்கட்டைத் திருப்பினால் பந்து இடைவெளியில் போய்ச் சேரும். 146 பந்தில் 194. விவியன் ரிச்சர்ட்ஸ் 1984இல் வைத்த 189 என்ற உலக சாதனை சேப்பாக்கத்தில் உடைந்தது. ரன் ஓட ஆள் வைத்து அடித்த ரன் என்று இன்றும் சிலர் குறை சொல்வதுண்டு. அன்றைய விதி அதை அனுமதித்தது. தவிர, ஓடாதவருக்கும் பந்தை அடிக்கத்தான் வேண்டும். இருநூறுக்கு ஆறு ரன் இருக்கும்போது சச்சின் பந்தில் கங்குலி கேட்ச் பிடித்தார். நம் ஆள் விக்கெட் எடுத்திருக்கிறார். ஆனால் கேலரியில் இருந்தவர்களில் பலர், இன்னொரு ஓவர் நின்றிருக்கலாமே என்று மனதுக்குள் அடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அதே ஆட்டத்தில் திராவிட் 107 எடுத்தார், இந்தியா 35 ரன்னில் தோற்றது. அன்வரின் எண்ணைத் தாண்டி ஆண்கள் ஒருநாள் ஆட்டத்தில் முதல் 200ஐ சச்சின் எடுக்க 2010 வரை ஆனது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 1999 ஜனவரி.

பாகிஸ்தான் அணி இந்தியாவில் டெஸ்ட் ஆடிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தத் தொடர் நடக்கக்கூடாது என்று சிவசேனைக்காரர்கள் டெல்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தின் ஆடுகளத்தையே வெட்டிப் போட்டார்கள். அதனால் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. போலீஸ் காவல் பலமாக இருந்த அந்த நான்கு நாளும் ஆட்டம் ஒவ்வொரு செஷனிலும் கை மாறியது. கும்ப்ளே 6 விக்கெட், பதிலுக்கு சக்லைன் 5. பிறகு அஃப்ரிடி. அதிரடிக்காரர் என்று மட்டுமே பெயர் வாங்கியிருந்தவர் பொறுமையாக நின்று 141 எடுத்தார். 4 விக்கெட்டுக்கு 275 என்று இருந்த பாகிஸ்தானை வெங்கடேஷ் பிரசாத் 286க்குச் சுருட்டினார். இலக்கு 271.

வக்கார் யூனிஸ் வந்த வேகத்தில் தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரையும் அனுப்பிவிட்டார். 82க்கு 5. அங்கிருந்து சச்சினும் நயன் மோங்கியாவும் 136 ரன் சேர்த்தார்கள். சச்சினுக்கு முதுகில் பிடிப்பு. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் முகம் சுளித்துக் குனிந்து நிமிர்ந்தார். வலியோடு நிற்கிற நேரம் குறைவு என்று கணக்குப் போட்டாரோ என்னவோ, அடிக்கத் தொடங்கினார். 136இல் இருந்தபோது, வெற்றிக்கு இன்னும் 17. சக்லைன் பந்தைத் தூக்கி அடிக்க, அது உயரே போயிற்று. கீழே வாசிம் அக்ரம் காத்திருந்தார். ஸ்கோர் 254. அடுத்த மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் போயின. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. சக்லைனுக்கு ஆட்டத்தில் பத்து விக்கெட். ஆட்டநாயகன் விருது சச்சினுக்கு. அதை வாங்க அவர் வெளியே வரவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கேலரிகள் நிரம்பி வழிந்தன. விக்கெட் விழுந்ததும் சப்தமே இல்லை. பிறகு கைத்தட்டல் எங்கோ ஒரு பக்கம் தொடங்கி, வரிசை வரிசையாக ஆட்கள் எழுந்தார்கள். வாசிமும் அவருடைய ஆட்களும் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். போன பக்கமெல்லாம் சென்னை எழுந்து நின்று தட்டியது. கண் கலங்கியபடியே தட்டியவர்களும் இருந்தார்கள். வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது ஒருவன் கை தட்டுவது லேசான காரியமில்லை. மூன்று வாரத்துக்குள் கொல்கத்தாவில் இதே அணிகள் மோதியபோது, கூட்டம் கலவரம் செய்து, கேலரிகளைக் காலி செய்துவிட்டு ஆட்டத்தை முடிக்க நேர்ந்தது. அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சேப்பாக்கம் அன்று செய்தது என்ன என்று விளங்கும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புரிவதில் சிரமமில்லை. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போனவர்கள் அறிவார்கள்: வெளியூர் மாடு ஒன்று நம் பிள்ளைகளை உதறிவிட்டுப் பிடிபடாமல் போனால், பொட்டலே ஆரவாரம் செய்யும். யார் வீட்டு மாடு என்று விசாரித்து, அடுத்த வருடம் வரை பேசும்.

சேப்பாக்கத்தின் கைகள் எல்லாக் காலத்திலும் விரிந்தே இருந்தன என்று எழுதிவிட முடியாது. 2013இல் இலங்கை வீரர்கள் சென்னை ஐபிஎல் ஆட்டங்களில் இறங்கக்கூடாது என்று மாநில அரசு நின்றது. ஈழத்தில் நடந்ததன் மீது இருந்த வேதனையும் கோபமும் அதற்குப் பின்னால் இருந்தன. அந்த வேதனை பொய்யில்லை. ஆனால் அந்தத் தடையில் அடைபட்டவர்களில் சில ஆண்டுகளுக்கு முன்பு சென்னைக்காகவே ஆடிய முத்தையா முரளிதரனும் ஒருவர். சென்னைக்கு ஒதுக்கப்பட்டிருந்த பிளே-ஆஃப் ஆட்டங்களும் டெல்லிக்குப் போயின. பத்து வருடம் கழித்து அதே மைதானத்தில் சென்னை அணியின் மஞ்சள் சட்டையில் இலங்கையின் பதிரனா யார்க்கர் போட, கூட்டம் அவர் பெயர் சொல்லிக் கத்தியது. வருகிறவன் ஆட்டத்தைப் பார்த்துத்தான் அவனுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

2008 டிசம்பரை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு ஊர் திரும்பிவிட்ட இங்கிலாந்து அணி, மீண்டும் வந்து சேப்பாக்கத்தில் ஆடியது. ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம், 123, 108. 387ஐ விரட்டி இந்தியா ஜெயித்தது, சச்சின் 103 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். இங்கிலாந்து வந்ததே அன்று பெரிய காரியம். பெருந்தொற்றுக் காலத்தில், 2021 பிப்ரவரியில், ஜோ ரூட் தன் நூறாவது டெஸ்டில் 218 அடித்தபோது கேலரியில் ஒரு ஆள் இல்லை. அந்த இன்னிங்ஸுக்குச் சேர வேண்டிய கைத்தட்டல் சேராமலே போனதில் எனக்கு மனக்குறை உண்டு.

2023 அக்டோபர் 23, உலகக் கோப்பையில் பாகிஸ்தானின் 282ஐ இரண்டே விக்கெட் இழந்து ஆப்கானிஸ்தான் எட்டியது. ஒருநாள் ஆட்டத்தில் அவர்களை ஆப்கானிஸ்தான் வென்றது அதுதான் முதல் முறை. இரண்டும் வெளியூர் அணிகள். ஆனாலும் சென்னைக் கூட்டம் தன் பிள்ளைகள் ஜெயித்ததைப் போல் கொண்டாட, ரஷீத் கானும் மற்றவர்களும் மைதானத்தைச் சுற்றி வந்து நன்றி சொன்னார்கள். 1999இல் பிறந்திராத பையன்கள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

இப்போது காரைக்குடியிலிருந்து போகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஐபிஎல்லுக்குப் போகிறார்கள், மஞ்சள் சட்டையோடு போகிறார்கள். 2025 மார்ச்சில் பெங்களூர் அணி 2008க்குப் பிறகு முதல் முறையாக இங்கே ஜெயித்தது. அடுத்த மாதக் கடைசியில் பஞ்சாபுக்காக யுஸ்வேந்திர சஹல் ஹாட்ரிக் எடுத்தார். பிடித்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துவதில் தவறில்லை. சஹலின் அந்த ஓவரையும் வீட்டுக்கு எடுத்து வந்து சொன்னால் நன்றாயிருக்கும்.

டெஸ்டுக்குப் போனவர்களிடமும் சொல்ல ஒன்று இருக்கிறது. 2024 செப்டம்பர் 19, வங்கதேசத்தோடு முதல் நாள். அஸ்வின் சொந்த மைதானத்தில் சதம் அடித்தார், அதைத்தான் ஊரெல்லாம் பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால், காலையில், ஹசன் மஹ்மூத் என்ற இளைஞர் ரோஹித், கில், கோலி மூவரையும் அனுப்பியபோது இந்தியா 34 ரன். அடுத்து பந்த்தையும் எடுத்தார். முடிவில் 83 ரன்னுக்கு 5 விக்கெட். இந்திய மண்ணில் டெஸ்டில் ஐந்து விக்கெட் எடுத்த முதல் வங்கதேசப் பந்துவீச்சாளர் அவர். அந்தக் காலையில் கேலரியில் இருந்த பிள்ளைகள், கோலி ஆட்டமிழந்த பந்து எப்படி வந்தது என்பதை இங்கே வந்து சொல்ல வேண்டும். கேட்கப் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள்.