மின்னஞ்சலும் தொடர்த்தெளிவும்

தமிழ்த்தொடரில் பயனிலை இறுதியில் நிற்பது இயல்பு. செய்தி உடன்பாடா, எதிர்மறையா என்பதும் அங்கேதான் தெளிவாகும். அலுவலக மின்னஞ்சல் எழுதுவோர் இதனை மறத்தலாகாது.

‘இருப்பைச் சரிபார்த்து, விலைப்பட்டியலை ஒப்பிட்டு, கணக்குப் பிரிவுக்குத் தெரிவித்து, 50 மூட்டைகளையும் திங்களன்று அனுப்ப வேண்டாம்’ என்னும் தொடரைக் காண்க. ‘வேண்டாம்’ என்பது அனுப்புதலை மட்டும் மறுக்கிறதா, சரிபார்த்தலையும் சேர்த்து மறுக்கிறதா? வினையெச்சங்களை அடுக்கியதால் விளைந்த ஐயம் இது. கிடங்குப் பொறுப்பாளர் பின்னதாகப் பொருள்கொண்டால் இருப்புக் கணக்கே எடுக்கப்படாது. ‘50 மூட்டைகளைத் திங்களன்று அனுப்ப வேண்டாம். இருப்பையும் விலையையும் இன்றே சரிபார்த்துக் கணக்குப் பிரிவுக்குத் தெரிவிக்கவும்’ எனப் பிரித்தெழுதின் மயக்கமில்லை.

பெயரெச்சமும் இவ்வாறு மயக்கும். ‘நேற்றுச் சென்னையிலிருந்து வந்த மேலாளரின் கடிதம்’ என்பதில் வந்தவர் மேலாளரா, வந்தது கடிதமா? ‘மேலாளரின் கடிதம் நேற்றுச் சென்னையிலிருந்து வந்தது’ என்றால் போதும். நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ‘மயங்கவைத்தல்’ என்பதனையும் நன்னூலார் வைத்தார்; மடலுக்கும் அது குற்றமே.

‘ஆவன செய்யப்படும்’ என்பது அலுவலகங்களில் பழகிப்போன தொடர். பணிவாக ஒலிக்கும், ஆனால் செய்பவர் யார், எப்போது என்பதை மறைத்துவிடும். ‘கணக்கர் வெள்ளிக்கிழமைக்குள் தொகையைச் செலுத்துவார்’ என்று எழுதினால், மறுமடலில் வினவ ஏதுமிராது.