டைனோசர் முட்டை இல்லையாம்... அப்போ பெரம்பலூர் மண்ணுக்குள் இருப்பது என்ன? 10 கோடி வருஷ 'மீன் பல்லி' கதை!

2020 அக்டோபரில் 'பெரம்பலூரில் டைனோசர் முட்டை'ன்னு ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? குன்னம் பக்கம் தூர்வாரும்போது கிடைத்த உருண்டைக் கற்கள் அவை. ஆய்வு செய்த நிபுணர்கள், அது முட்டை இல்லை, அம்மோனைட் எனும் கடல் உயிரினத்தோடு சேர்ந்த படிவு என்று சொல்லிவிட்டார்கள். பலருக்கும் ஏமாற்றம். ஆனா அதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. பெரம்பலூரில் ஏது கடல்?

கடல் இங்கேதான் இருந்தது

கிரெட்டேசியஸ் காலத்தில் இன்றைய அரியலூர், பெரம்பலூர் பகுதிக்குள் கடல் புகுந்து நின்றது. அரியலூர் சிமென்ட் ஆலைகள் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் மிச்சம்தான். அந்தக் கடலில் வேட்டையாடியது 'இக்தியோசர்'. பெயருக்கு அர்த்தமே மீன் பல்லி. பார்க்க டால்பின் மாதிரி இருக்கும். ஆனா மீனும் இல்லை, டைனோசரும் இல்லை. மேலே வந்து மூச்சுவிடும் ஊர்வன இனம். கரையேறி முட்டையிடாமல் தண்ணீரிலேயே குட்டி போட்டது. வயிற்றில் குட்டியோடு கிடைத்த ஜெர்மனி புதைபடிவங்களே சாட்சி.

இங்கே கிடைத்த முதுகெலும்புகளை வைத்து 1879-லேயே ரிச்சர்ட் லைடெக்கர் இதற்கு 'இக்தியோசரஸ் இண்டிகஸ்' எனப் பெயர் வைத்தார். காரை கிராமத்தையொட்டிய களிமண் படிவுகளில் சுறாப் பற்களோடு இக்தியோசர் பற்களும் கிடைத்ததை 2011-ல் ஓர் ஆய்வுக் குழு வெளியிட்டது. வயது சுமார் 10 கோடி ஆண்டுகள். நம்ம திருவள்ளூர் பூண்டி பக்கத்து அத்திரம்பாக்கம் கற்கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு என்கிறார்கள். அதைவிட 60 மடங்குக்கு மேல் பழசு!

பல் என்ன சொல்லும்?

குஜராத்தின் கட்ச் பகுதியில் லோடாய் கிராமத்தில் கிடைத்த இக்தியோசர், கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடு. நீளம் சுமார் ஐந்தரை மீட்டர். 2017-ல் வெளியான அந்த ஆய்வு, பல் தேய்மானத்தை வைத்தே அது ஓடு உள்ள உயிர்களையும் மீன்களையும் கடித்துத் தின்றிருக்கும் என்று கணித்தது.

காரை பற்களின் முக்கியத்துவம் வேறு. உலகம் முழுக்க இக்தியோசர்கள் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன, டைனோசர்களுக்கும் முன்னால். அதாவது காரையில் நீந்தியவை அந்த இனத்தின் கடைசித் தலைமுறைகளில் சேர்த்தி.

வயசு எப்படித் தெரியும்?

இங்கேதான் அந்த 'முட்டை' அம்மோனைட் உதவுது. அதன் வகைகள் காலத்துக்குக் காலம் வேகமாக மாறியதால், எந்த வகை கிடைக்குதோ அதை வைத்து அந்த மண் அடுக்கின் வயதைச் சொல்லலாம். பல்லுக்கு அதுதான் காலண்டர். காரை ஓடைகளில் மழை அரிக்க அரிக்கப் புதைபடிவங்கள் வெளியே வருகின்றன. சுற்றிப்பார்க்கப் போறவங்க அழகா இருக்கேன்னு ஒண்ணை எடுத்துப் பையில் போட்டால், அது எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் அங்கேயே போச்சு. அதுக்கப்புறம் அது வெறும் ஷோகேஸ் கல். பார்த்தால் போட்டோ எடுங்க, இடத்தைக் குறிச்சுக்கோங்க, கல்லை அங்கேயே விட்டுட்டு வாங்க.